உலக்கையும் பன்னீர்ச்செம்பும்

குறிஞ்சாக்கேணி ஸைனுலாப்தீன் வாயைத் திறந்தால் பாதி பொய். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பிறகு ஒருவரும் குறை சொல்லக்கூடாது. நாற்பத்திரண்டாம் ஆண்டு யப்பான்காரன் குண்டு போட்டுத் திருகோணமலையில் எண்ணெய்த் தாங்கி பற்றியெரிந்தபோது, தான் ஒற்றை ஆளாகத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றதாகக் கிண்ணியாத் தேநீர்க் கடைகளில் இருபது வருடமாகச் சொல்லிவந்தார். உண்மையில் அன்று கந்தளாய்ப் பக்கம் ஓடியவர்களில் அவர்தான் முன்வரிசை. கூட ஓடியவர்களும் அதே கடை வாங்குப்பலகையில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டார்கள். கதை நன்றாக இருந்ததால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் நெருப்புக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் மனிதர் வேறு ஆள். அங்கே பொய்யும் இல்லை, பகிடியும் இல்லை. கடற்படைத் தளத்துத் தீயணைப்புப் பகுதியில் வெள்ளைக்காரர்களிடம் வேலை பழகியவர். ஐம்பத்தேழில் அவர்கள் தளத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியதும், துறைமுகக் கரையில் தேயிலைப் பெட்டியும் கொப்பறாவும் சாக்கும் அடுக்கிவைக்கிற ஒரு களஞ்சியக் கம்பனியில் சேர்ந்தார். காலையில் கிண்ணியாத் துறையில், ஊரார் பாதை என்று சொல்லும் தட்டைப் படகில் அக்கரைக்குப் போய், பஸ் பிடித்து வேலைக்கு வருவார். கம்பனியின் தீயணைப்புப் படை என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தாலும், படையில் மொத்தம் மூன்று பேர்தான். அவர், சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற கனகசிங்கம், பட்டணத்து இளந்தாரி பாயிஸ். மற்ற இருவரும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவார்கள்.

மூன்று பேரை வைத்திருந்ததற்குக் காரணம் குழாயின் நுனியில் பூட்டுகிற நொசில். பித்தளையில் செய்தது, முழங்கை நீளம், ஒற்றை ஓட்டை. பம்பை முடுக்கினால் துறைமுகத்து உப்புத் தண்ணீர் அதனூடாக ஒரே தாரையாகத் தென்னை உயரத்துக்குப் பாயும். பாய்கிற வேகத்துக்குப் பிடிக்கிறவனைப் பின்னால் தள்ளும். நிறுத்துவதற்கு அதில் ஒரு திருகு கூடக் கிடையாது. பம்புக்காரருக்குக் கை காட்ட வேண்டும். அவர் அந்த நேரம் பார்த்து இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஆகவே முன்னுக்கு ஸைனுலாப்தீன் நொசிலைப் பிடிப்பார். அவருடைய முதுகில் தோளை வைத்துக் கனகசிங்கம் முண்டுகொடுப்பார். பின்னால் பாயிஸ் குழாயின் மேலேயே குந்திக்கொள்வான். அந்த நொசிலுக்கு அவர்கள் வைத்த பெயர் உலக்கை. ஒருமுறை ஒத்திகையின்போது உலக்கை கொஞ்சம் திரும்பி, கம்பனித் துரையின் பங்களாத் தென்னையில் ஒரு குலை இளநீரை நிலத்தில் இறக்கிவிட்டது. கை தவறிப்போயிற்று என்று ஸைனுலாப்தீன் விளக்கம் சொன்னார். அன்று மூன்று பேருக்கும் சரியான தாகம் என்பதை விளக்கத்தில் சேர்க்கவில்லை.

அறுபத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் சோமசேகரம் என்பவர் கம்பனிக்குப் புது மனேஜராக வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். அச்சிட்ட எதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்காமல் கீழே வைக்கமாட்டார். மருந்துப் போத்தலோடு வருகிற துண்டுக் கடதாசியைக்கூட. வந்து ஒரு கிழமைக்குள் இங்கிலாந்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. அதற்குள் புதுவகை நொசில் ஒன்று, பரீட்சித்துப் பார்ப்பதற்காக. அதன் வாயில் ஒரு வளையம் இருந்தது. வளையத்தை ஒரு பக்கம் திருகினால் தண்ணீர் நிற்கும். கொஞ்சம் தளர்த்தினால் மெல்லிய தாரை வரும். மறுபக்கம் முழுக்கத் திருகினால் குடை விரித்தது மாதிரித் தூவானம். கலியாண வாசலில் பன்னீர் தெளிப்பது பாயிசுக்கு ஞாபகம் வந்தது. அவன் அதற்குப் பன்னீர்ச்செம்பு என்று பெயர் வைத்தான். அவனுக்கு அப்போது கலியாணப் பேச்சு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் எதைப் பார்த்தாலும் அந்த ஞாபகம்தான்.

சோமசேகரம் மூவரையும் கந்தோருக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். களஞ்சியத்தைச் சுற்றி ஆறு இடத்தில் குழாய் பூட்டலாம். ஆறுக்கும் ஒரே வகை நொசில்தான் வாங்கித் தருவோம் என்று கொழும்புத் தலைமைக் கந்தோர் எழுதியிருக்கிறது. பழைய வகையா, புது வகையா என்பதை, நெருப்போடு பழகிய ஸைனுலாப்தீனே பார்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, பெட்டியோடு வந்த விளக்கக் கடதாசியின் கடைசி வரியையும் மூவருக்கும் விளங்கும்படி தமிழில் வாசித்தார். இதைப் பிடிப்பதற்கு ஒரு ஆள் போதும்.

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் அவர் அதை வாசித்தார். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது பாயிஸ் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெண்வீட்டார் சம்மதித்ததே கம்பனி வேலை என்ற ஒரு சொல்லுக்காகத்தான். கனகசிங்கத்தின் நிலைமை இன்னும் மோசம். அவர் கம்பனியில் சேர்ந்தபோது வள்ளத்தையும் வலையில் தன் பங்கையும் தம்பிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். திரும்பிப் போய் ஏறுவதற்குச் சல்லிக் கரையில் அவருக்கு இப்போது ஒரு கட்டுமரமும் இல்லை.

ஸைனுலாப்தீன் அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவி றுக்கியாவிடம் முழுக்கதையும் சொன்னார். பன்னீர்ச்செம்பு வெறும் விளையாட்டுச் சாமான், உலக்கைதான் ஆம்பிளைச் சாமான் என்று முற்றத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி நிறுவினார். றுக்கியா குசினியில் இராச்சோற்று அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்ப அணைக்க நான் குடத்தோட ஊத்துறனா, கையால தெளிக்கிறனா?" என்று கேட்டாள். "ஊத்தினா சாம்பல் மூஞ்சிக்குத்தான் வரும்."

அவர் கையை இறக்கினார். சோற்றைப் போடச் சொன்னார்.

மறுநாள் முதல் பாதைப் படகிலேயே வந்து, மற்றவர்கள் வருமுன் பம்புக்காரரைத் தாஜா பண்ணிப் பன்னீர்ச்செம்பைத் தனியே பூட்டிப் பார்த்தார். தண்ணீர் வந்தது. ஒரு கையால் பிடித்தார். திருகினார், தூவானம் விரிந்தது. மறுபக்கம் திருகினார், நின்றது. யாருக்கும் கை காட்ட வேண்டியதில்லை. தளத்திலும் இங்குமாக இருபத்தைந்து வருடம் உலக்கைகளோடு மல்லுக்கட்டித் தோள்மூட்டு தேய்ந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்! பால்குடிப் பிள்ளையை ஏந்துவது போல அதை இரண்டு கையிலும் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அது சரியாகப் பிடித்துப்போய்விட்டது. சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

நல்ல சாமானை நல்லது என்று சொன்னால் பின்னால் நிற்கிற இரண்டு பேரின் சோற்றில் மண் விழும். கெட்டது என்று சொன்னால், தேநீர்க் கடைக்கு வெளியே நெருப்பு விஷயத்தில் அவர் சொல்லும் முதல் பொய் அதுவாக இருக்கும். யோசித்து யோசித்து, பொய்யைத் தான் சொல்லாமல் நொசிலைக் கொண்டே சொல்லவைக்கலாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். பரீட்சை நாளில் முதலில் பாயிஸ் பிடிப்பான், பிறகு கனகசிங்கம். இரண்டு பேரும் தள்ளாட வேண்டும். அவ்வளவுதான். இது முரட்டுச் சாமான், மூன்று பேர் இல்லாமல் ஏலாது என்பதை மனேஜர் தன் கண்ணாலேயே கண்டு எழுதிக்கொள்வார். ஸைனுலாப்தீன் வாய் திறக்கவே தேவையில்லை.

திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கனகசிங்கம் கூத்துக்காரர். சல்லி அம்மன் கோயில் வெளியில் வருடாவருடம் ராசாவாக ஆடுகிறவர், அதிலும் சாகிற ராசா. அவர் செத்து விழுகிற கட்டத்துக்காக உப்புவெளியிலிருந்தெல்லாம் சனம் நடந்து வரும். கொஞ்சம் தள்ளாடினால் போதும் என்று ஸைனுலாப்தீன் மூன்று தரம் சொன்னார். கனகசிங்கமும் மூன்று தரமும் ஓம் என்றார்.

பரீட்சை நாள் திங்கட்கிழமை. சோமசேகரம் குடையும் குறிப்புப் புத்தகமுமாக வந்து நின்றார். பாயிஸ் பிடித்தான். தண்ணீர் வந்ததும் ஒரு அடி பின்வாங்கி, இடுப்பை வளைத்து, பல்லைக் கடித்து அளவாகத் தள்ளாடினான். ஸைனுலாப்தீனுக்கே அது மெய் போலத் தெரிந்தது. தண்ணீரை நிறுத்தினார்கள். அடுத்து கனகசிங்கம் முன்னுக்கு வந்தார். கால்களை அகட்டி நின்றார், நொசிலை மார்போடு அணைத்தார், வானத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து, மூன்று உருள் உருண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். விழுந்த அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பம்புக்காரர் மட்டும் இன்னும் பம்பை முடுக்கவில்லை. குழாய் பாம்புச் சட்டையாட்டம் சப்பையாக நிலத்தில் கிடந்தது.

பாயிஸ் சிரிப்பை அடக்குவதற்காக இருமினான். ஸைனுலாப்தீன் துறைமுகத்தில் நின்ற கப்பலின் பெயரை மிகுந்த அக்கறையோடு வாசிக்கத் தொடங்கினார். சோமசேகரம் குறிப்புப் புத்தகத்தில் என்னவோ எழுதினார், புத்தகத்தை மூடினார், கனகசிங்கத்துக்கு அடிகிடி பட்டதோ என்று பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது பன்னீர்ச்செம்பையும் எடுத்துப் போய்க் கந்தோர் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லும்படி ஸைனுலாப்தீனுக்குப் பியோனிடம் சொல்லியனுப்பினார்.

ஆனால் நெருப்பு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம், கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த நேரம், வள்ளத்துக்குப் பூசுவதற்காக அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தார்ச் சட்டி கவிழ்ந்து பக்கத்துச் சாக்குக் கொட்டில் பிடித்துக்கொண்டது. தென்னோலை முடைந்த கிடுகுக் கூரை. கொட்டிலுக்கு அடுத்தது வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தொழிலாளரின் வீடுகள் வரிசையாக எட்டு, எட்டுக்கும் கிடுகுதான். மூவரும் ஓடிவந்தார்கள். பழக்கப்பட்ட கை பழக்கப்பட்ட சாமானைத்தான் எடுக்கும். உலக்கையைப் பூட்டி, ஸைனுலாப்தீன் முன்னுக்கு நிற்க, கனகசிங்கம் தோள்கொடுக்க, பாயிஸ் குந்த, பம்பு முடுக்கப்பட்டது.

தாரை போய்க் கூரையில் அறைந்தது. அறைந்த இடத்தில் எரிகிற கிடுகுகள் பெயர்ந்து எழும்பின. கச்சான் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் முதலாவது வீட்டுக் கூரையில் இறக்கியது. ஸைனுலாப்தீன் தாரையை மற்றப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்துக் கிடுகும் எழும்பியது, இரண்டாவது வீடும் பிடித்தது. வீடுகளுக்குள்ளிருந்து பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் நெருப்பை அணைக்கவில்லை, ஊருக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. என்ன வேண்டும், அது எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதும் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. முதுகில் கனகசிங்கத்தின் தோள் அழுத்திக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவர் பட்ட வெட்கங்களில் அதுதான் பெரியது.

திடீரென்று அந்தத் தோள் இல்லாமல் போயிற்று. உலக்கை அவரை இரண்டடி பின்னால் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் கனகசிங்கம் ஓடிக்கொண்டிருந்தார். பயந்து ஓடுகிறார் என்றுதான் ஸைனுலாப்தீன் நினைத்தார். கந்தளாய் வரை ஓடிய மனிதருக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

கனகசிங்கம் ஓடியது கந்தோருக்கு. அலுமாரியின் திறப்பு மனேஜரின் பொக்கற்றில். மனேஜர் வேலியடியில் வாளியோடு நின்றார். அதைத் தேடிப் போக நேரமில்லை. ஒரு செங்கல்லால் நாலு அடி அடித்து ஆமைப்பூட்டை உடைத்தார். பன்னீர்ச்செம்பை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்ப ஓடிவந்தார்.

"காக்கா, இதைப் பூட்டுங்கோ."

ஸைனுலாப்தீன் அவருடைய முகத்தைப் பார்த்தார். "பூட்டினா ஒன்ட வேல போயிரும் தம்பி."

"போனாப் போகட்டும். அந்த வீட்டுச் சனங்கள் எங்க போறது?" என்றார் கனகசிங்கம். அப்போது அவர் எந்த ராசாவாகவும் நடிக்கவில்லை.

பம்பை நிறுத்தச் சொல்லிப் பாயிஸ் ஓடினான். உலக்கை கழன்றது, பன்னீர்ச்செம்பு ஏறியது. ஸைனுலாப்தீன் வளையத்தை முழுக்கத் திருகினார். தூவானம் முன்னால் விரிந்தது. காற்று அதைக் கலைத்தது. ஆகவே அவர் கிட்டப் போனார். இன்னும் கிட்டப் போனார். உலக்கையோடு இவ்வளவு கிட்டப் போயிருந்தால் முகம் வெந்திருக்கும். இப்போது தண்ணீர்த்திரைக்குப் பின்னால் அவருக்குக் குளிர்ந்தது. கிடுகு எழும்பவில்லை, இருந்த இடத்திலேயே நனைந்து கறுத்துப் புகைந்து படுத்தது. கொட்டில் அடங்கியதும் வளையத்தைத் திருகித் தண்ணீரைத் தானே நிறுத்தினார். குழாயை இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினார், முதல் வீட்டில் திறந்தார், பிறகு இரண்டாவது வீட்டில். மூன்றாவது வீடு தப்பியது. இரண்டு கூரை போனதைத் தவிர ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை.

இதையெல்லாம் அவர் தனி ஆளாகச் செய்தார் என்பதைக் கம்பனி முழுவதும் பார்த்தது. ஒரு கட்டத்தில் ஒரு கையால் நொசிலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தொப்பியைக்கூடச் சரிசெய்தார். கனகசிங்கமும் பாயிசும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

பின்னேரம் சோமசேகரம் ஸைனுலாப்தீனைக் கந்தோருக்கு அழைத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார். மனேஜரின் வெள்ளைச் சேட்டு முழுக்கக் கரி. மேசையில் உடைந்த ஆமைப்பூட்டும் தலைமைக் கந்தோர் அனுப்பிய படிவமும் கிடந்தன. பூட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. படிவத்தின் முதல் கேள்வியை வாசித்தார். எந்த வகை?

புது வகைதான் என்றார் ஸைனுலாப்தீன். சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னார். கச்சான் மூர்க்கமாக அடித்தால் தூரத்துக்கு எட்டாது, கிட்டப் போய்த்தான் பிடிக்க வேண்டும். கடல்தண்ணீர் என்பதால் நெத்தலிக்குஞ்சு வந்து வாயில் மாட்டும், பம்பின் வாயில் கம்பிவலை போட வேண்டும். இந்தக் குறைகள் இருந்தாலும் ஓலைக்கூரை உள்ள ஊருக்கு இதுதான் சரியான சாமான். திங்கட்கிழமை நடந்தது நொசிலின் பிழை இல்லை என்றும், அந்தப் பிழை தன்னுடையது என்றும் சொன்னார். சோமசேகரம் முன்னதையெல்லாம் எழுதினார், கடைசியில் சொன்னதை எழுதவில்லை.

இரண்டாவது கேள்வி. பிடிப்பதற்கு எத்தனை ஆட்கள் தேவை?

நெருப்பு விஷயம். பொய் சொல்ல ஏலாது. ஒரு ஆள் என்றார் ஸைனுலாப்தீன். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. சோமசேகரம் அதையும் எழுதினார்.

மூன்றாவது கேள்வியை வாசிக்குமுன் சோமசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது வேலையில் உள்ளவர்கள் எல்லோரும் புது வகையில் பயிற்றப்பட வேண்டும். பயிற்சி முடிந்த பின்பே மேலதிக ஆட்கள் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காலம் தேவை? பழக்கி முடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிற புத்தி கொழும்பில் கதிரையில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரும். சோமசேகரம் அந்தக் கேள்வியை ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் வாசிக்கும்போது அவர் படிவத்தைப் பார்க்கவில்லை, ஸைனுலாப்தீனைப் பார்த்தார்.

ஸைனுலாப்தீன் மெதுவாக நிமிர்ந்தார். கிண்ணியாத் தேநீர்க் கடையில் கதை தொடங்குமுன் அவர் நிமிர்கிற மாதிரி இருந்தது அது. இது நெருப்பைப் பற்றிய கேள்வி இல்லையே, மனிதரைப் பற்றியதுதானே.

"எனக்கு மூணு நாள் போதும் ஐயா. கனகசிங்கத்துக்குப் பதினொரு வருசம் செல்லும். பாயிஸ் கொஞ்சம் மந்தம், அவனுக்கு முப்பத்தொரு வருசம் வேணும்."

அந்தக் கம்பனியில் ஐம்பத்தைந்து வயதில் ஆட்களை ஓய்வில் அனுப்புவார்கள். கனகசிங்கத்துக்கு அந்த வருடம் நாற்பத்துநான்கு. சோமசேகரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் எதையோ கூட்டினார், பிறகு பேனையை எடுத்து மையில் தோய்த்தார். கனகசிங்கத்தின் பெயருக்கு நேரே பதினொரு வருடம் என்று வடிவான எழுத்தில் எழுதினார். பாயிசின் பெயருக்கு வந்ததும் பேனை நின்றது.

"பாயிசுக்கு இப்ப வயது இருபத்துநாலோ, இருபத்தைஞ்சோ?" என்று கேட்டார்.